எல்பர்ஃபெல்ட் குதிரைகளும் எங்கள் சாத்திரங்களும்

வுப்பர்டால் நகரத்தைப் பற்றி இரண்டு மிருகக் கதைகள் உண்டு. இரண்டையும் நம்புவது கடினம். ஆனால் ஒன்று உண்மை, மற்றையது பொய். எது உண்மை எது பொய் என்று தீர்மானிப்பதற்கு மனிதர் என்னென்ன செய்தார்கள், அதில் எமக்கு என்ன இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

முதலாவது, யானையின் கதை. இந்நகரத்தில் 1901ஆம் ஆண்டிலிருந்து ஒரு தொங்குரயில் ஓடுகிறது. 13 கிலோமீற்றர் தூரம், பெரும்பாலும் வுப்பர் ஆற்றுக்கு மேலாக, இரும்புப் பாதையில் தொங்கிக்கொண்டு போகும். 1950 யூலை 21ஆம் திகதி அல்தோஃப் சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காகத் துஃபி என்ற நான்கு வயது யானைக்குட்டியை அதில் ஏற்றினார்கள். வண்டி புறப்பட்டுச் சிறிது நேரத்தில் குட்டி மிரண்டு, பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. சிறு காயத்தோடு தப்பிப் பிழைத்து, 1989இல் பாரிஸில் இறந்தது. பெட்டிக்குள் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். ஆயினும் யானை விழுந்த கணத்தை ஒருவரும் படம் எடுக்கவில்லை. தபாலட்டைகளில் காணப்படும் படம் பின்னர் வெட்டி ஒட்டித் தயாரிக்கப்பட்டது. சம்பவம் உண்மை, படம் பொய்.

இரண்டாவது, குதிரைகளின் கதை. எல்பர்ஃபெல்ட் இன்று வுப்பர்டாலின் ஒரு பகுதி. 1929இல் பார்மனோடும் வேறு ஊர்களோடும் சேர்க்கப்படும்வரை அது தனி நகரம். அங்கே கார்ல் கிறால் என்றொரு பணக்கார நகை வியாபாரி இருந்தார். குதிரைகளுக்கு எழுத்தும் கணக்கும் படிப்பிக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. முகமட், சரீஃப் என்ற இரண்டு அரபுக் குதிரைகளை வாங்கிப் படிப்பித்தார். ஒன்றுகளுக்கு வலது குளம்பு, பத்துகளுக்கு இடது குளம்பு என்று அவை பலகையில் தட்டிப் பதில் சொல்லும். எழுத்துகளுக்கும் எண் உண்டு. முகமட் வர்க்கமூலம் மட்டுமல்ல, கனமூலமும் கண்டுபிடித்ததாம். கிறால் 1912இல் 'சிந்திக்கும் மிருகங்கள்' என்று பெருத்த நூல் ஒன்றை வெளியிட்டார். ஜெனீவாவின் கிளாபரேட் போன்ற உளவியலாளர்கள் நேரில் வந்து பார்த்து, வியந்து எழுதினார்கள். யானைக்கு இல்லாத அனைத்தும் குதிரைகளுக்கு இருந்தன. பேராசிரியர்களின் சாட்சியம் இருந்தது, பதிவேடுகள் இருந்தன, அட்டவணைகள் இருந்தன. ஆனால் குதிரைகள் கணக்குச் செய்யவில்லை.

அங்கே வந்தவர்களுள் ஒருவர் மோரிஸ் மேட்டர்லிங்க். 'நீலப்பறவை' நாடகத்தை எழுதியவர், 1911இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் எல்பர்ஃபெல்ட் குதிரைகள் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, 1914இல் ஆங்கிலத்தில் வந்த 'அறியாத விருந்தாளி' என்ற நூலில் உள்ளது. அதை அண்மையில் வாசிக்க நேர்ந்தது. நல்ல எழுத்தாளன் ஒருவன் எப்படி ஏமாறுகிறான் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடத்தை நான் வாசித்ததில்லை.

மேட்டர்லிங்க் முட்டாள் அல்லர். கட்டுரை முழுக்கச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் போகிறார். கிறால் வெளியே போய்விட, குதிரையோடு தனியே நிற்கிறார். மனதில் முதலில் வந்த சொல்லைக் கேட்கிறார், அது அவர் தங்கியிருந்த ஹோட்டலின் பெயர். குதிரை அதைச் சிறு பிழையோடு தட்டுகிறது. பிறகு ஓர் எண்ணைக் கொடுத்து மூலம் கேட்கிறார். குதிரை காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, தட்டவில்லை. பார்த்தால் அந்த எண்ணுக்குச் சரியான மூலமே கிடையாது. தனக்குத் தெரியாதது குதிரைக்குத் தெரிந்திருக்கிறது என்று அவர் அதிசயிக்கிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். ஒரு குதிரை ஒன்றும் செய்யாமல் நின்றது. அதுதான் நடந்தது. அந்தச் சும்மா நிற்றலுக்குள் அறிவைக் கண்டவர் மேட்டர்லிங்க். பதில் வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி என்றால், அங்கே சோதிக்கப்படுவது குதிரை அல்ல.

எவருமே பார்க்காத எண்களையும் குதிரை தட்டியது என்று அவர் சொல்வதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் அது அந்த லாயத்துக்குள் நடந்த, அவர் சொல்லி நாம் அறியும் செய்தி மாத்திரமே. கடைசியில் அவர் வந்துசேரும் முடிவு, குதிரைக்குள்ளும் மனிதனுக்குள்ளும் அறியாத விருந்தாளி ஒருவர் குடியிருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும் என்பது. கட்டுரையின் அழகான பக்கங்கள் இவைதான். பலவீனமான பக்கங்களும் இவைதான். கேள்வி கேட்டவரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அவர் பிரபஞ்சத்தைப் பார்த்துவிடுகிறார்.

இதற்கு விடை ஏற்கனவே பேர்லினில் கிடைத்திருந்தது. வொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்ற குதிரையே இக்கதைகளுக்கெல்லாம் மூத்தது. 1904இல், விலங்கியலாரும் சர்க்கஸ்காரரும் உட்பட 13 பேர் ஹான்சைச் சோதித்து, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்று கையொப்பமிட்டார்கள். அது சரிதான். வாத்தியார் யாரையும் ஏமாற்றவில்லை. பின்னர் ஒஸ்கார் புங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் ஒரு சிறு மாற்றம் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்க வைத்தார். குதிரை தடுமாறியது. கேட்பவரைக் குதிரையின் கண்ணுக்கு மறைத்தார். மறுபடியும் தடுமாறியது. தட்டத் தொடங்கும்போது கேட்பவரின் தலை மயிரிழையளவு குனிகிறது, சரியான எண் வந்ததும் நிமிர்கிறது. அது கேட்பவருக்கே தெரியாது. குதிரைக்குத் தெரியும். இதைக் கண்டுபிடித்த பின்பும், தன் தலை அசைவதைத் தன்னாலேயே நிறுத்த முடியவில்லை என்று புங்ஸ்ட் எழுதியிருக்கிறார். அந்த நூல் 1907இல் வெளிவந்தது. கிறால் அதை வாசித்த பின்னும் நம்பினார். வாத்தியார் 1909இல் மனமுடைந்து இறந்தபின் ஹான்சையும் எல்பர்ஃபெல்ட்டுக்குக் கொண்டுவந்தார். 1914இல் உலகப்போர் தொடங்க, ஹான்ஸ் இராணுவத்துக்கு எடுக்கப்பட்டது. கணக்குத் தெரிந்த குதிரை என்று யாரும் அதற்கு விலக்குக் கொடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் எமக்கு ஏன் சொல்கிறேன் என்று வாசகர் கேட்கலாம்.

எமது புகலிடச் சஞ்சிகைகளில் இத்தனை ஆண்டுகளாக வந்த நினைவுக் குறிப்புகளை ஒருமுறை சேர்த்து வைத்து வாசித்துப் பாருங்கள். சாவுச் செய்தி வருகிற ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முன்னால் ஒரு வசனம் நிற்கும். அன்றைக்கு விடியவே மனம் சரியில்லை என்று ஒருவர் எழுதுவார். இரவு முழுக்க நாய் ஊளையிட்டது என்பார் இன்னொருவர். ஜேர்மனியில் எந்த வீட்டு நாய் இரவிரவாக ஊளையிட விடப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. கனவில் ஆற்றங்கரை வரும், பல்லு விழும், செத்த தாத்தா வாசலில் நிற்பார். இவற்றை எழுதியவர்கள் பலர் இடதுசாரிகள், சிலர் நாத்திகர்கள். விமர்சகர்களாகிய நாம் இந்த வசனங்களை மட்டும் தொடாமல் கடந்து போகிறோம். துக்கத்தின் மீது கேள்வி வைப்பது அநாகரிகம் என்று நினைக்கிறோம் போலும்.

நானும் இதற்கு விலக்கல்ல. 1986 மாசியில், அகதிகள் விடுதியில் ஆறு பேர் இருந்த அறையில், நடுச்சாமத்தில் சித்தாலேப வாசனை வந்து எழும்பினேன். அப்பாச்சியின் வாசனை அது. மூன்று கிழமைக்குப் பிறகு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்பாச்சி அதே இரவு போய்விட்டார். இந்தக் கதையை நான் குறைந்தது ஐம்பது பேருக்குச் சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் கேட்பவரின் முகம் மாறும். இக்கட்டுரையை எழுதுவதற்காக அந்நாளையக் கொப்பியைத் தேடி எடுத்தேன். அந்தத் திகதிக்குரிய பக்கத்தில் உருளைக்கிழங்கும் முட்டையும் வாங்கிய கணக்கும், புதிதாகப் படித்த நான்கு டொச் சொற்களும் இருந்தன. வாசனை பற்றி ஒரு சொல் இல்லை. கடிதம் வந்த நாளின் பக்கத்தில்தான் அது முதன்முதலாக வருகிறது.

அனுபவம் பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது அந்த இரவில் வந்ததா, அதற்கு முந்திய வேறோர் இரவில் வந்ததா, கடிதத்தோடு வந்ததா என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. ஆனால் கொப்பி ஒரு விடயத்தைச் சொல்கிறது. மரணச் சடங்குக்குப் போக முடியாத பேரன் ஒருவன், தானும் அந்த நேரத்தில் அங்கே இருந்ததாக ஏற்பாடு செய்துகொண்டான். விசா இல்லாதவனுக்கு வேறென்ன வழி? அப்படிப் பார்த்தால் அந்த வாசனையில் மர்மம் குறைகிறது, துக்கம் குறையவில்லை.

இனி இதைவிடக் கனமான விடயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அன்ரி மகளோடு பக்கத்து நகரம் ஒன்றில் இருக்கிறார். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் தன் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் ஒரு சாத்திரியாரிடம் கேட்கிறார், காசும் அனுப்புகிறார். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் பேசினார்.

"மெலிஞ்ச உருவமொண்டு தெரியுது அம்மா."

"ஓம் ஐயா, பிள்ளை மெலிவுதான்."

"தண்ணியும் தெரியுது."

"பாலத்தடியிலதான் ஐயா குடுத்தனான்."

"ஓம், பாலம்தான். அதுக்கங்கால ஆளைக் கொண்டு போயிருக்கினம். ஆள் இருக்கு."

பாலம் என்ற சொல் அன்ரியின் வாயிலிருந்துதான் வந்தது. சாத்திரியார் சொன்னது தண்ணீர் மட்டுமே. தொலைபேசியில் தலையசைவு தெரியாது, ஆனால் மூச்சுத் தெரியும். கண்தெரியாத பேர்ட்டோ என்ற குதிரையும் கிறாலிடம் இருந்தது. கண்ணால் பார்த்துத்தான் குதிரைகள் விடை கண்டுபிடிக்கின்றன என்றவர்களுக்கு அதையே பதிலாகக் காட்டினார்கள். கண் இல்லாவிட்டாலும் அதற்குக் காதும் தோலும் இருந்தன என்பதை மறந்துவிட்டார்கள்.

அழைப்பு முடிந்ததும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குதிரைக் கதையை முழுதாகச் சொன்னேன். அன்ரி கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, அந்தாளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு எனக்கும் விளங்குது. ஆனா ஒவ்வொருமுறையும் அவன்ரை பேரைக் கேக்கிறார், பிறந்த திகதியைக் கேக்கிறார். வேற ஆர் கேக்கினம்?"

எமது பகுத்தறிவு விமர்சனம் வழக்கமாக இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏப்ரகாம் கோவூரை எம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1898இல் திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். சோதனைக்கு உட்பட்டு அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. எம்மவர் கோவூரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்தச் சவாலையும் சிரிப்பையும்தான். அவரிடம் அதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருந்தது. வீட்டின் மேல் கல் விழுகிறது, உடுப்பு தானாக எரிகிறது என்று ஆட்கள் வந்தால், அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தோடு இருப்பவர் யார் என்று அவர் தேடினார். பேயை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். புங்ஸ்ட் செய்ததும் இதுவே.

இதே வுப்பர் பள்ளத்தாக்கில் இன்னொரு உதாரணமும் உண்டு. பார்மனில் ஆலை முதலாளி வீட்டில் 1820இல் பிறந்த ஏங்கெல்ஸ், தன் 18ஆவது வயதில், 1839இல், 'வுப்பர்டால் கடிதங்கள்' என்ற தொடரைப் பெயர் போடாமல் ஒரு ஹம்பேர்க் சஞ்சிகையில் எழுதினார். எல்பர்ஃபெல்ட்டின் புகழ்பெற்ற போதகர் குறுமாக்கர் பிரசங்க மேடையில் எப்படிக் கைவீசினார் என்பதைக்கூட விடாமல் கேலி செய்கிறார். வாசிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றும் அக்கடிதங்கள் வாசிக்கப்படுவது கேலிக்காக அல்ல. சாயப்பட்டறைக் கழிவால் ஆறு சிவந்து ஓடுவதை அவர் எழுதினார். ஆறு வயதிலிருந்து தாழ்ந்த கூரைக்குக் கீழே புகையைச் சுவாசித்து வேலை செய்யும் மனிதருக்கு மிஞ்சுவது ஒன்றில் மதப்பித்து, இல்லாவிட்டால் பிரண்டி என்று எழுதினார். போதகரை மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு இளைஞனின் நையாண்டி. ஆலையையும் எழுதியதால் அது விமர்சனம் ஆகிற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. மூடநம்பிக்கை என்ற சொல் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 ஆகஸ்டில் இலங்கையின் கிழக்கிலும் வடக்கிலும் கிறீஸ் பூதம் பற்றிய பீதி பரவியது. உடலெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று ஊர்கள் விழித்திருந்தன. துரத்தப்பட்டவர்கள் இராணுவ முகாம்களுக்குள் ஓடி மறைந்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். அரசு வதந்தி என்றது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஊரவர் முகாமை எதிர்த்து நின்றபோது, இரவோடிரவாக வீடுகளுக்குள் புகுந்து அடித்து, நூறு பேரளவில் பிடித்துச் சென்றார்கள். பூதம் என்று ஒன்று கிடையாது. ஆனால் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளான பின்னும் ஒவ்வொரு சந்தியிலும் முகாம் இருந்த ஊரில், இருட்டில் பெண்களுக்கு இருந்த பயம் மூடநம்பிக்கையா?

அகதி விசாரணையை அனுபவித்தவர்களுக்கு இது புதிதல்ல. எதிரே இருப்பவர் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார், நாங்கள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறோம். புருவம் சுருங்கினால் திகதியை மாற்றுகிறோம். தலை அசைந்தால் தொடர்கிறோம். ஹான்ஸ் செய்ததை நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கிறோம். பிறகு ஒரு கடிதம் வரும், சொன்னவை நம்பத்தகுந்தவை அல்ல என்று. கேட்ட விதத்தில் பிழை இருக்கக்கூடும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இராது. யானை விழுந்ததற்குப் படம் இல்லை. ஆனாலும் யானை விழுந்தது.

அன்ரியின் மகள் என்னிடம் கோபமாகச் சொன்னாள்: "அம்மா இன்னும் அந்தியேட்டி செய்ய விடுறா இல்லை. அந்தச் சாத்திரக்காரன் விடமாட்டான்." அவளுடைய கோபம் நியாயமானது. நம்பிக்கையை மாதக் கட்டணத்துக்கு விற்பவரை எந்தத் தத்துவத்தாலும் மன்னிக்க முடியாது. ஆனால் சாத்திரியார் இல்லாவிட்டாலும் அன்ரி அந்தியேட்டி செய்வாரா என்பது எனக்குச் சந்தேகம். காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் கோத்தாபய ராஜபக்ஷ சொன்னார், மரணச் சான்றிதழ் கொடுப்பது பற்றியும் பேசப்பட்டது. அந்தச் சான்றிதழை வாங்க மறுத்த தாய்மார், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருந்தார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்துபோனார்கள். பிள்ளை இருக்கிறான் என்று சாத்திரியார் சொல்வதும், பிள்ளை எங்கே என்று அவர்கள் கேட்பதும் ஒன்றல்ல. ஆனால் அரசு பதில் சொல்லாத இடத்தில்தான் சாத்திரியார் கடை வைத்திருக்கிறார்.

ஆகவே எமது விமர்சகர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம்பிக்கைகளைப் பற்றி எழுதும்போது குதிரையைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், மேட்டர்லிங்கைப் போலக் கைகூப்பவும் வேண்டாம். கேட்பவர் யார், எதைக் கேட்கிறார், அதை வேறு எவரிடம் கேட்க முடியாமல் இங்கே வந்தார் என்று எழுதுங்கள். நினைவுக் குறிப்பு எழுதும் நண்பர்களிடமும் ஒன்று. கனவோ வாசனையோ மனம் சரியில்லாத விடியலோ வந்தால், செய்தி வருவதற்கு முன்னரே திகதி போட்டு எழுதி வையுங்கள். செய்தி வந்தபின் அந்தப் பக்கத்தைத் திருத்தாதீர்கள். வெறும் பக்கமாக இருந்தால் அதையும் அப்படியே அச்சுக்கு அனுப்புங்கள்.

போன மாதம் அன்ரியிடம் போனபோது மகனின் பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், ஒப்படைத்த நேரம், அன்று போட்டிருந்த சேர்ட்டின் நிறம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. சேர்ட்டின் நிறத்தில் மட்டும் அவருக்குத் தடுமாற்றம். நீலமா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.